பத்துக்கு எத்தனை

கோண்டாவில் ஒழுங்கையில் ஒரு மாடி வீடு.
கீழே பிளாஸ்டிக் வாளி விற்கிற கடை.
ஸ்கூட்டியை நிழல் பார்த்து நிறுத்திவிட்டுப்
படியேறும்போதே யோசித்தேன்:
எதைக் கழற்றச் சொல்வாள்?
தெரிந்த ஆட்கள் கண்டால்
வாளி வாங்க வந்தேன் என்று சொல்லலாம்.

முதலில் ஒரு படிவம்.
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று,
முகமில்லாத இரண்டு உருவம்.
நோகிற இடத்தில் புள்ளடி போடச் சொன்னாள் டெல்சியா.
வாக்குச்சாவடியில் போலக் கையால் மறைத்துக்கொண்டு போட்டேன்:
பிடரி. வலத்தோள். நாரி.

சத்திரசிகிச்சை? ஒன்று, சின்னவன் பிறந்தபோது.
பிரஷர்? குளிசையில் நிற்கிறது.
உடம்புக்குள் உலோகம் ஏதும்?
பேனை கொஞ்சம் நின்றது.
இடத் தொடையில், நெல்மணி அளவு.
அது தன்பாட்டில் இருக்கு, என்றேன்.
"அப்ப நான் அதைத் தொடேல்லை"
என்று எழுதிக்கொண்டாள்,
குடையை எங்கே வைத்தேன் என்று கேட்டவள் மாதிரி.

நோ பத்துக்கு எத்தனை?

இருபத்திரண்டு வருசமாய்
மல்லாகம் நீதிமன்றில் தட்டெழுத்து.
அடித்தவன் சொன்னதும் அடிபட்டவள் சொன்னதும்
என் விரலுக்குள்ளால்தான் போனது.
"அப்போது எனக்கு மிகவும் நொந்தது."
எத்தனை தரம் அடித்திருப்பேன் அந்த வசனத்தை.
மிகவும் என்றால் எவ்வளவு என்று
எதிர்த்தரப்பு எழும்பும்.
சாட்சி விழிக்கும்.
விசைக்கு மேலே விரலை வைத்தபடி நான் காத்திருப்பேன்.
இப்போது அவள் காத்திருந்தாள்.

மூன்று, என்றேன்.
பொய்ச்சாட்சி.

"நான் வெளியில நிக்கிறன் அக்கா.
உங்களுக்கு ஏலுமான அளவு கழற்றுங்கோ,
ஒண்டும் கழற்றாட்டியும் சரி.
துவாயால மூடிக்கொண்டு குப்புறப் படுங்கோ.
வேலை செய்யிற இடத்தை மட்டும்தான் திறப்பன்.
எண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளாட்டிச் சொல்லுங்கோ.
கதைக்கலாம், கதைக்காமலும் கிடக்கலாம். நித்திரை வந்தாக் கொள்ளுங்கோ.
நிப்பாட்டெண்டா நிப்பாட்டுவன்,
ஏனெண்டு கேக்க மாட்டன்."

கடைசி வசனத்தை
இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லலாம் போலிருந்தது.

கட்டிலில் முகத்துக்கென்று ஒரு ஓட்டை.
அதற்குள்ளால் தெரிந்த உலகம்:
சீமெந்து நிலம், அவளுடைய வெறுங்கால்,
பெருவிரலில் பாதி உரிந்த கியூற்றெக்ஸ்.

கை சூடு.
முதலில் ஒன்றும் செய்யாமல் முதுகில் வைத்திருந்தாள்.
பிறகு நகர்ந்து, தோள்பட்டைக்குக் கீழே
ஒரு முடிச்சில் போய் நின்றது,
நான் புள்ளடி போடாத இடம்.

"அழுத்தம் காணுமோ?"
ஓம்.
"கூடிப்போச்சோ?"
இல்லை இல்லை, நல்லாத்தான் இருக்கு.
பல்லைக் கடித்துக்கொண்டு.
பல் நெரிவது தோளுக்குத் தெரியும்போல.
"வாய் ஒண்டு சொல்லுது அக்கா,
தோள் வேறை சொல்லுது."

கீழே யாரோ வாளிகளை
ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்குகிற சத்தம்.
அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் கேளாது என்று சொன்னேன்:
நோகுது.

கேட்டுவிட்டது.
அழுத்தம் பாதியாய்க் குறைந்தது. அவ்வளவுதான்.
எப்போதிலிருந்து, யார் கண்டது,
ஏன் முன்னமே முறையிடவில்லை,
ஒன்றும் வரவில்லை.
நான் கொஞ்ச நேரம் எதிர்பார்த்துக்கொண்டே கிடந்தேன்,
பிறகு நித்திரை.

எழும்பும்போது மெதுவாய் எழும்பச் சொன்னாள், தலை சுற்றுமாம்.
தண்ணீர் குடிக்கட்டாம்.
நாளைக்குக் கொஞ்சம் உளையுமாம், பயமில்லையாம்.
ஒரு தரத்தில் மாறாது என்றும் சொன்னாள்.
மாறும் என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஸ்கூட்டிக் கண்ணாடியில் பார்த்தேன்,
முகத்தைச் சுற்றி ஓட்டையின் வளையம் பதிந்திருந்தது.
கடைக்காரர் பார்த்தார்.
மூடியோடு ஒரு நீல வாளி வாங்கினேன்.

வாளியோடு திரும்பவும் படியேறினேன்.
அந்தப் படிவத்தை ஒருக்கால் தாங்கோ.
மூன்றை வெட்டி ஏழு போட்டேன்.
வெட்டின இடத்துக்குப் பக்கத்தில்
பழக்கதோஷம்,
சிறு கையொப்பமும் வைத்தேன்.